டயட்டு மேடம் சாப்பிடப் போன வீடு

உணவியல் படிப்பு முடிந்து, ஆஸ்பத்திரிப் பயிற்சியும் முடியப் போகிற தறுவாயில் கௌசிகா தன் குருவிடம் ஒரு கேள்வி கேட்டாள். கேட்டாள் என்று சொல்வது ஒரு மரியாதைக்காக. கத்தினாள் என்பதுதான் சரி.

“சொன்னதைக் கேக்காத நோயாளியை என்னதான் மேடம் செய்யறது?”

குரு என்றதும் தாடியையும் காவியையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். ஜெயசீலி மேடம், மதுரையில் அந்த ஆஸ்பத்திரியின் தலைமை உணவியல் நிபுணர். சிறுநீரகம் கெட்டவருக்கு என்ன சோறு, தீக்காயம் பட்டவருக்கு எத்தனை முட்டை என்பதெல்லாம் அவர் சொல்வதுதான். பேச்சு குறைவு. கண்ணாடிக்கு மேலாக ஒரு பார்வை பார்ப்பார், பாதி ஆட்கள் அதிலேயே அடங்கிவிடுவார்கள்.

“யாரு?”

“சோலைராசு. டயாலிசிஸ் வார்டு, ஜன்னலோரப் படுக்கை.”

“என்ன கேக்கலை?”

“எதையுமே கேக்கலை! பொட்டாசியம் மறுபடி ஆறைத் தாண்டிடுச்சு. நான் தொண்டை கிழியச் சொல்றேன். தலையத் தலைய ஆட்டிட்டு வீட்டுக்குப் போய் இஷ்டத்துக்குத் திங்கறாரு.”

விஷயம் இதுதான். காயிலும் பழத்திலும் இருக்கிற பொட்டாசியம் நமக்கெல்லாம் நல்லது. சிறுநீரகம் வேலை செய்யாதவருக்கோ அது வெளியே போக வழியில்லாமல் ரத்தத்திலேயே தங்கிவிடும். அளவு மீறினால் இதயம் பொசுக்கென்று நின்றுபோகும். அதனால் அவர்களுக்கு இளநீர் கூடாது, வாழைப்பழம் கூடாது, கீரை கூடாது. காயைக்கூடப் பொடியாக நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்து, வடித்துவிட்டுத்தான் சாப்பிட வேண்டும். பொட்டாசியம் அந்தத் தண்ணீரோடு இறங்கிவிடும். அந்த வார்டில் இருந்த அத்தனை பேருக்கும் இதைச் சொல்லிக் கொடுத்தது கௌசிகாதான். நன்றாகத்தான் சொல்லிக் கொடுத்தாள்.

சோலைராசு ஷேர் ஆட்டோ ஓட்டியவர். அவருக்குத் தன் சிறுநீரகம் ஒன்றைக் கொடுக்க மனைவி பஞ்சவர்ணம் முன்வந்திருந்தார். பொருத்தமும் சரியாக இருந்தது. ஆபரேஷனுக்குத் தேதி கொடுப்பதா, ஒத்திப்போடுவதா என்று அடுத்த வாரம் டாக்டர்கள் கூடிப் பேசப் போகிறார்கள். ஒத்திப்போட்டால் தாங்குகிற உடம்பு இல்லை அது. டயாலிசிஸ் ஊசி குத்த இரண்டு கையிலும் நல்ல நரம்பு கிடைக்காமல் நர்சுகள் திணறிக்கொண்டிருந்தார்கள்.

பெரிய சர்ஜன் ரத்த முடிவைப் பார்த்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: “வாயைக் கட்டத் தெரியாத ஆளு நாளைக்கு மாத்திரையை மட்டும் ஒழுங்கா முழுங்கிடுவானா? கிட்னியை வச்சு வீணாக்கவா? டயட் பக்கத்துல என்ன நினைக்கிறீங்கன்னு எழுதிக் குடுங்க.”

எழுத வேண்டியவள் கௌசிகா.

“அவர்கிட்ட நீ என்ன சொன்ன?” என்று கேட்டார் ஜெயசீலி.

“பொய் சொல்லாதீங்கன்னு சொன்னேன். மக மேல சத்தியம் பண்ணாரு மேடம்! வாழைப்பழத்தைத் தொட்டே ஒரு வருஷம் ஆச்சாம். பச்சைப் பொய். அப்படின்னா ரத்தத்துல இருக்கறது வானத்துல இருந்தா குதிச்சுது?”

“எங்க வச்சுச் சொன்ன?”

“வார்டுலதான்.”

“எல்லார் முன்னாடியும்?”

“மத்தவங்களுக்கும் ஒரு பயம் இருக்கட்டும்னுதான் மேடம்.”

ஜெயசீலி கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்தார்.

“நாளைக்கு மதியம் எங்க சாப்பிடுவ?”

“ஹாஸ்டல் மெஸ்ல.”

“வேணாம். செல்லூர்ல, சோலைராசு வீட்டுல சாப்பிடு.”

கௌசிகாவின் முகம் மலர்ந்தது. “கையும் களவுமாப் பிடிக்கச் சொல்றீங்க, அப்படித்தானே?”

“சாப்பிடச் சொல்றேன்.”

*

கௌசிகா பிடிக்கத்தான் போனாள்.

செல்லூரில் தறிச் சத்தம் கேட்கிற ஒரு சந்தில் வீடு. உள்ளே நுழையும் முன்பே வாசலில் இருந்த குப்பை வாளியை எட்டிப் பார்த்தாள். இளநீர் மட்டை இல்லை. பழத்தோல் இல்லை. பூண்டுத் தோலும் பீன்ஸ் காம்பும்தான் கிடந்தன. பெரிய கைகாரி, ஒன்றையும் வீட்டருகே போடுவதில்லை என்று மனதுக்குள் கறுவிக்கொண்டாள்.

“வாங்க மேடம்,” என்று பாயில் இருந்து எழப் பார்த்தார் சோலைராசு. முந்தின நாள் டயாலிசிஸ் முடிந்த களைப்பு இன்னும் முகத்தில் இருந்தது. பஞ்சவர்ணம் அடுப்படியில் இருந்து வந்து நின்றார். வாங்க என்று சொல்லவில்லை. நேற்று வார்டில் தன் புருஷனைப் பொய்யன் என்றவளை எப்படி வரவேற்பது?

“குடிக்கக் கொஞ்சம் தண்ணி கிடைக்குமா? நீங்க இருங்க, நானே எடுத்துக்கறேன்.”

சொன்ன வேகத்தில் ஃபிரிட்ஜைத் திறந்துவிட்டாள். பால், தோசை மாவு, கறிவேப்பிலை. கீழ்த்தட்டை இழுத்தாள். கத்தரிக்காய். முட்டை வைக்கிற இடத்தில் கைவிட்டாள்.

“என்ன தேடுறீங்க?”

கௌசிகா திரும்பினாள்.

“இல்லக்கா, தண்ணி...”

“தண்ணி பானையில இருக்கு. நீங்க எதைத் தேடுறீங்கன்னு தெரியும். நல்லாத் தேடுங்க. மேல பரண் இருக்கு, ஏணி எடுத்துத் தரட்டா? கட்டிலுக்கடியில டார்ச் அடிச்சுப் பாருங்க. இளநி சீவுன அருவா கிடந்தாலும் கிடக்கும்!”

“விடு பஞ்சு,” என்றார் சோலைராசு.

“எதுக்கு விடணும்? நேத்து நாலு பேரு முன்னாடி உங்களைப் பொய்யன்னு சொல்லுச்சு, நீங்க வாயைப் பொத்திக்கிட்டுப் படுத்திருந்தீங்க. நானும் உங்களுக்காகப் பொறுத்துக்கிட்டேன். இன்னைக்கு வீடேறி வந்து சோதனை போடுது! ஏம்மா, என் கிட்னியை அறுத்துக் குடுக்கறேன்னு கையெழுத்துப் போட்டிருக்கேன். வாழப்பழத்தை ஊட்டி இந்த மனுசனைக் கொல்றதுக்கா அதைக் குடுக்கறேன்? பள்ளிக்கூடத்துல பழம் குடுத்தா என் சின்ன மக தெருமுனையிலயே தின்னுட்டு, வாயைக் கழுவிட்டு வருது. அப்பா பாத்தா ஆசைப்படும்னு. எட்டு வயசுப் பிள்ளை! அந்தப் பிள்ளை மேல பண்ணுன சத்தியத்தை நம்ப மாட்டீங்க, ரத்தத்தைத்தான் நம்புவீங்க.”

கௌசிகாவுக்கும் ரோஷம் வந்தது. “ரத்தம் பொய் சொல்லாதுக்கா.”

“நாங்க மட்டும் சொல்வோமா?”

பஞ்சவர்ணம் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“சாப்பாட்டு நேரத்துல வந்துட்டீங்க. வந்தவங்களை வெறும் வயித்தோட அனுப்பற வீடில்லை இது. அந்த முக்காலியில உக்காந்து நான் சமைக்கிறதைப் பாருங்க. எங்க தப்புன்னு சொல்லுங்க.”

அதுதான் கௌசிகாவுக்கும் வேண்டும். முக்காலியில் உட்கார்ந்தாள், கண்கொத்திப் பாம்பாகப் பார்த்துக்கொண்டு.

பீன்ஸும் கேரட்டும் பொடிப்பொடியாக நறுக்கப்பட்டன. சரி. பெரிய பாத்திரம் நிறையத் தண்ணீர். சரி. நன்றாகக் கொதித்ததும் சல்லடையில் வடித்து, காயை உதறி எடுத்தார். சரி. மறுபடி புதுத் தண்ணீர் ஊற்றி ஒரு கொதி, மறுபடி வடித்தல். அதுவும் சரி. பிள்ளைகளுக்காக உருளைக்கிழங்கு தனியாக வெந்துகொண்டிருந்தது. உப்பை நுனி விரலில் எடுத்து, போட மனசில்லாததுபோல் போட்டார். தேங்காயைத் தொடவில்லை. அவள் வகுப்பில் இதற்கு நூற்றுக்கு நூறு கொடுப்பார்கள்.

வடித்த தண்ணீர் எங்கே போனது? அதை அவள் பார்க்கவில்லை. அவள் காயைப் பார்த்தாள். பரீட்சையில் காயைப் பற்றித்தான் கேட்பார்கள்.

தட்டு வந்தது. சோறு, பொரியல், கொஞ்சம் மோர். அப்புறம் ஒரு சின்னக் கிண்ணத்தில் ரசம். சோலைராசுவின் தட்டுக்குப் பக்கத்தில் ஒன்று, இவளுக்கு ஒன்று.

பொரியல் சப்பென்று இருந்தது. நாள் தவறாமல் இதையா தின்கிறார் என்று முதல்முறையாக அவளுக்குத் தோன்றியது. இதை வாய் கூசாமல் எத்தனை பேருக்கு எழுதிக் கொடுத்திருக்கிறாள்! ரசத்தை ஊற்றிப் பிசைந்தாள். அட, ரசம் என்றால் ரசம். பூண்டும் மிளகும் தூக்கலாக, கெட்டியாக, தொண்டையில் இதமாக இறங்கியது. கிண்ணத்தை எடுத்து மிச்சத்தை அப்படியே குடித்தாள்.

“இன்னும் கொஞ்சம் ஊத்துங்கக்கா.”

பஞ்சவர்ணத்தின் முகத்தில் இறுக்கம் கொஞ்சம் தளர்ந்தது. சமைத்த கைக்கு அதைவிட என்ன வேண்டும்?

“இதுல தக்காளி போட்டீங்களா?” பழக்க தோஷம், கேட்டுவிட்டாள்.

“தக்காளி கூடாதுன்னு சொன்னீங்களே. போடலை.”

“புளி?”

“பேருக்கு ஒரு சொட்டு.”

“பருப்புத் தண்ணியும் இல்லை. அப்புறம் எப்படி இவ்வளவு ருசி?”

“அதான் காய்த் தண்ணி இருக்கில்ல.”

கௌசிகாவின் கை தட்டிலேயே நின்றது.

“எந்தத் தண்ணி?”

“வடிச்சோமே, அந்தத் தண்ணிதான். பாவம், மனுசனுக்குக் காயில இருந்த சத்தெல்லாம் தண்ணியில போயிருது. சக்கையைத் தின்னு எப்படி உடம்பு தேறும்? அதான் அவரு காய்த் தண்ணி, எங்க உருளைக்கிழங்கு வெந்த தண்ணி எல்லாத்தையும் ஒண்ணாச் சேத்துருவேன். அவரு தண்ணி நிறையக் குடிக்கக் கூடாதுன்னீங்கள்ல? நல்லாச் சுண்டக் காய்ச்சி அரை டம்ளராக்கி ரசம் வச்சுக் குடுக்கறேன். ஒரு நாளு தவற மாட்டேன்.”

“அய்யய்யோ!”

கௌசிகா எழுந்து, சோலைராசுவின் கையில் இருந்த கிண்ணத்தை வெடுக்கென்று பிடுங்கினாள். ரசம் பாயெல்லாம் சிந்தியது.

“அதைக் கீழ கொட்டணும்க்கா! கொட்டணும்! பொட்டாசியம் பூரா அதுலதான் இருக்கு!”

“கொட்டச் சொல்லலையே நீங்க. வடிக்கத்தான சொன்னீங்க?”

“வடிக்கறதே கொட்டத்தானே! அதைக் கூடவா சொல்லணும்?”

“சத்துத் தண்ணியை யாராச்சும் கொட்டுவாங்களா? கொட்டக் கூடாதுன்னு நீங்கதான சொன்னீங்க!”

“நானா?”

“போன மாசம் ஆஸ்பத்திரி மாடியில மைக்கைப் பிடிச்சுப் பேசுனீங்கள்ல? காய் வெந்த தண்ணியைக் கொட்டாதீங்க, அதுலதான் சத்து, ரசம் வைங்கன்னு. இவரு மெசினுல இருந்தாரு, நான் படிக்கட்டுல உக்காந்து கேட்டுக்கிட்டிருந்தேன். எங்க ஆத்தா காலத்துல இருந்து செய்யறதுதான். ஆனாலும் படிச்ச பிள்ளை நீங்களே சொல்லவும் எனக்கு அம்புட்டுச் சந்தோசம்.”

“அது கர்ப்பிணிகளுக்குச் சொன்னதுக்கா!”

“ரெண்டையும் சொன்னது ஒரே வாய்தான?”

கௌசிகா கிண்ணத்தைத் தரையில் வைத்தாள். அப்போதுதான் பஞ்சவர்ணத்துக்கும் விஷயம் முழுசாக உறைத்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு மெல்ல உட்கார்ந்தார்.

“அப்ப... இவரு ரத்தத்துல ஏறுனது... நானா குடுத்தேன்? என் கையாலயா?”

இந்தக் கேள்விக்கு ஒரு பாடப் புத்தகத்திலும் விடை இல்லை. அந்த ரசத்தை எவ்வளவு ஆசையாகக் குடித்தாள்! இந்த மனுஷர் அதை எவ்வளவு நம்பிக் குடித்திருப்பார்!

“இல்லக்கா,” என்றாள். “நான் குடுத்தேன். என்னை மன்னிச்சிருங்க.”

“மன்னிப்பை வச்சு நான் என்ன செய்ய? இப்ப இவருக்கு ஒண்ணும் ஆயிராதே?”

அங்கிருந்தே டயாலிசிஸ் டாக்டருக்குப் போன் போட்டாள். நடந்ததை ஒளிக்காமல் சொன்னாள். எதற்கும் உடனே கூட்டி வாங்க, ரத்தத்தையும் ஈசிஜியையும் பார்த்துவிடலாம் என்றார் அவர். ஆட்டோ பிடித்தார்கள். ஈசிஜி முடிவு நன்றாக இருந்தது. ரத்தத்தில் பொட்டாசியம் கூடுதல்தான், ஆனால் ஆபத்தில்லை. கிளம்பும்போது பஞ்சவர்ணம் கௌசிகாவின் கையைப் பிடித்தார்.

“நாலு பேரு முன்னாடி பொய்யன்னு சொன்னீங்கள்ல தாயி? அதே நாலு பேரு முன்னாடி இல்லைன்னு சொல்லுங்க. எனக்கு அது போதும்.”

*

கௌசிகா சொன்னாள். டயாலிசிஸ் வார்டின் நடுவில் நின்று, மெஷின் சத்தத்தை மீறி, உரக்கச் சொன்னாள். “சோலைராசு அண்ணன் பொய் சொல்லலை. அவங்க வீட்டுல எந்தத் தப்பும் இல்லை. தப்பு என்னோடது.” படுத்திருந்தவர்கள் தலையைத் தூக்கிப் பார்த்தார்கள். சோலைராசு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்தார்.

ரசம் நின்றது. அடுத்தடுத்த பரிசோதனைகளில் பொட்டாசியம் மளமளவென்று இறங்கியது. டாக்டர்கள் கூடிய அன்று, கேட்காமலே உள்ளே போய் கௌசிகா எல்லாவற்றையும் சொன்னாள். பெரிய சர்ஜன் முறைத்தார்.

“அப்ப அந்தாளு சொன்னதைக் கேட்டிருக்கான்?”

“நான் சொன்ன எல்லாத்தையும் கேட்டிருக்காரு சார். வாயைக் கட்டத் தெரியாதவர்னு நீங்களும் சொன்னீங்க. நானும் நினைச்சேன். ரெண்டு பேருமே தப்பு.”

பயிற்சிக்கு வந்த பெண் பெரிய சர்ஜனிடம் அப்படிப் பேசி அங்கே யாரும் கேட்டதில்லை. பிறகு சர்ஜன் ஏதோ முணுமுணுத்தபடி நாள்காட்டியை இழுத்தார். ஆபரேஷனுக்குத் தேதி கிடைத்தது.

கூட்டம் முடிந்த கையோடு கௌசிகா ஜெயசீலியின் அறைக்குள் ஓடி வந்தாள்.

“மேடம், தேதி குடுத்துட்டாங்க!”

“சந்தோஷம்.”

“ஆனா எனக்கு வயிறு எரியுது மேடம். சாப்பாட்டுல என்னென்ன இருக்குன்னு எல்லாப் பாடமும் சொல்லிக் குடுத்தாங்க. வடிச்ச தண்ணியை அடுப்படியில என்ன செய்வாங்கன்னு ஒருத்தர்கூடச் சொல்லலையே! எங்க வீட்லயும் எங்கம்மா அதுலதான் ரசம் வைக்கிறாங்க. பிறந்ததுல இருந்து குடிச்சிருக்கேன். எனக்கே தோணலையே!”

ஜெயசீலி கையில் இருந்த பேனாவை மூடி வைத்தார்.

“வார்டுல எல்லார் முன்னாடியும் தப்பு என்னோடதுன்னு சொல்லிட்டேன் மேடம்.”

“என்ன தப்புன்னு சொன்னியா?”

கௌசிகா தயங்கினாள். “அது... அவமானமா இருந்துச்சு. தப்பு என்னோடதுன்னு மட்டும் சொன்னேன். சோலைராசு வீட்டு விஷயம்தானே, அது தீர்ந்துபோச்சு...”

ஜெயசீலி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார். கண்ணாடிக் கதவுக்கு அப்பால் வராந்தா தெரிந்தது. டயாலிசிஸுக்கு வந்தவர்களின் மனைவிமார், அம்மாக்கள், மகள்கள் பெஞ்சில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். மடியில் டிபன் கேரியர், தூக்குவாளி, துணி சுற்றிய பாத்திரம்.

“அவங்களுக்கு யார் சொல்லிக் குடுத்தது?”

“நான்தான் மேடம்.”

“அதே மாதிரியா?”

“அதே மாதிரிதான்.”

“அவங்க வீட்டுத் தண்ணியெல்லாம் எங்க போகுது?”

கௌசிகா வராந்தாவைப் பார்த்தாள்.

ஜெயசீலி நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார். முகம் சிவந்திருந்தது.

“எனக்கும் தெரியாது. உனக்கு முன்னாடி இத்தனை வருஷமா நானும் அதே மாதிரிதான் சொல்லிக் குடுத்தேன், ஒருத்தர்கிட்டயும் கேக்கலை. வா. முதல்ல அவங்ககிட்ட தப்பு என்னன்னு சொல்லிடுவோம். அப்புறம் இன்னைக்கு மதியம் நீ எந்த வீட்டுல சாப்பிடற, நான் எந்த வீட்டுல சாப்பிடறதுன்னு கேட்டுக்கலாம்.”